ஓம் எண்ணை நம்பி பிக்கப் வாங்கலாமா?

வன்னியில் மின்கிட்டார் ஒன்றைத் தானே கட்ட நினைப்பவருக்கு மரத்தாலும் தச்சுவேலையாலும் பெரிய சிக்கல் வருவதில்லை. தந்திகளின் அதிர்வை மின்னாக மாற்றும் பிக்கப்பில்தான் சிக்கல் தொடங்குகிறது. அதைக் கடையில் மாட்டி, வாசித்துப் பார்த்து வாங்கும் வசதி மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ எளிதில் வாய்ப்பதில்லை. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பொதி வந்து சேரும்வரை அதன் ஒலி எப்படியிருக்கும் என்பது தெரியாது. ஆகவே விற்பவர் தரும் எண்களை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் முதலில் கண்ணில் படுவது கிலோஓம் கணக்கில் தரப்படும் மின்தடை. அந்த எண் கூடினால் பிக்கப் பலமானது என்ற நம்பிக்கை கிட்டார் வாசிப்பவர்களிடையே பரவலாக உண்டு. உண்மையில் அது சொல்வது மிகக் குறைவு. ஒலியின் நிறத்தைப் பெரிதும் தீர்மானிப்பது, பலவேளை எழுதப்படாமலே விடப்படும் இன்னோர் எண்ணாகிய தூண்டுதிறன்.

ஒற்றைச்சுருள் பிக்கப்பின் அமைப்பு எளிமையானது. ஆறு தந்திகளுக்கும் கீழே ஆறு காந்தத் தண்டுகள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. தண்டின் காந்தப்புலம் தனக்கு மேலேயுள்ள உருக்குத் தந்தியையும் சிறிய காந்தமாக்கிவிடுகிறது. அந்தத் தந்தி அதிரும்போது சுருளினூடாகச் செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்பது 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த விதி. ஆகவே பிக்கப் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. உருக்கின் அசைவை மட்டுமே உணர்கிறது. நைலோன் தந்தி அதன்மேல் எவ்வளவு அதிர்ந்தாலும் அம்ப்ளிபயரில் ஓசை வராததற்கும், வெண்கலம் சுற்றிய அக்கூஸ்டிக் தந்திகளை மாட்டினால் தடித்த தந்திகள் மெலிந்து ஒலிப்பதற்கும் காரணம் இதுதான். வெண்கலத்துக்குக் காந்தத்தன்மை இல்லை. உள்ளேயுள்ள உருக்கு மட்டுமே வேலை செய்கிறது. முதிரையா தேக்கா என்று உடல் மரத்தைப் பற்றி நீண்ட நேரம் வாதிடுபவர்கள் அந்த நேரத்தில் ஒரு பகுதியைப் பிக்கப்புக்குக் கொடுத்தால் பயன் கூடும் என்பது என் துணிபு.

1954இல் வெளிவந்த பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் வழியில் செய்யப்படும் பிக்கப்பில் பொதுவாக 42 கேஜ் (எண் கூடினால் கம்பி மெலியும்) கம்பி ஏறத்தாழ 8,000 சுற்றுகள் இருக்கும். அக்கம்பியின் விட்டம் 0.063 மில்லிமீற்றர் அளவே. தலைமயிரோடு ஒப்பிடத்தக்க மென்மை. அவிழ்த்து நீட்டினால் அது ஒரு கிலோமீற்றரைத் தாண்டும். இவ்வளவு நீண்ட, இவ்வளவு மெல்லிய கம்பிக்கு 6 கிலோஓம் அளவு தடை இருப்பது இயல்பு. ஆனால் அதே எண்ணிக்கையான சுற்றுகளை 43 கேஜ் கம்பியில் சுற்றினால், கம்பி மெலிந்த ஒரே காரணத்தால் தடை ஏறத்தாழ காற்பங்கு கூடிவிடும். சுற்றுகள் கூடாததால் பிக்கப்பின் பலம் அதற்கேற்ப உயராது. இரண்டு பிக்கப்புகளும் ஒரே கேஜ் கம்பியாலும் ஒரே வகைக் காந்தத்தாலும் ஒரே அளவிலும் செய்யப்பட்டவையாக இருந்தால் மட்டுமே ஓம் எண்களை ஒப்பிடுவதில் பொருளுண்டு.

வெப்பமும் இந்த எண்ணை மாற்றுகிறது. செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் உயர்கிறது. 20 பாகையில் 6.0 கிலோஓம் காட்டும் பிக்கப்பை, தகரக்கூரைக்குக் கீழே 35 பாகை வெயில்நேரத்தில் மல்டிமீட்டரில் வைத்தால் 6.35 காட்டும். தாளில் உள்ள எண்ணும் மீட்டரில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்பதற்காக ஏமாற்றப்பட்டோம் என்று எண்ணிப் பொதியைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இனித் தூண்டுதிறனுக்கு வருவோம். ஒரு சுருள் தன்னூடாகச் செல்லும் மின்னோட்டத்தின் மாற்றத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதே அதன் தூண்டுதிறன். அது ஹென்றி என்ற அலகில் தரப்படும். பிக்கப்புக்குள்ளேயும், அதிலிருந்து அம்ப்ளிபயருக்குப் போகும் கேபிளிலும் சிறிதளவு கொள்ளளவமும், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மையும், உண்டு. தூண்டுதிறனும் கொள்ளளவமும் சேரும் எந்தச் சுற்றுக்கும் ஒரு பரிவு மீடிறன் இருக்கும். அந்த மீடிறனை அண்டிய ஒலிகள் உயர்த்தப்படும், அதற்கு மேற்பட்டவை விரைவாக அடங்கிவிடும். பழைய வகை ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பின் தூண்டுதிறனை 2.4 ஹென்றி என்றும், ஐந்து மீற்றர் கேபிளோடு சேர்த்து மொத்தக் கொள்ளளவத்தை 600 பிக்கோபரட் என்றும் எடுத்துக்கொண்டால், பரிவு 4,200 ஹேர்ட்சை அண்டி விழுகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் பரப்பு அதுவே. ஒற்றைச்சுருளின் தெளிந்த, கண்ணாடித்தன்மையான ஒலி என்று நாம் போற்றுவது பெரும்பாலும் இந்தப் பரிவின் விளைவு. சுற்றுகளைக் கூட்டித் தூண்டுதிறனை 3.5 ஹென்றி ஆக்கினால் வெளியீடு உயரும். ஆனால் பரிவு 3,500 ஹேர்ட்ஸ் அளவுக்கு இறங்கி, ஒலி நடுப்பகுதியில் தடித்து, மேற்றொனிகள் மங்கும். பலம் வேண்டும் என்று அதிகம் சுற்றிய பிக்கப்பை வாங்கியவர், தான் விரும்பிய மினுமினுப்பு எங்கே போனது என்று பின்னர் தேடுவது இதனால்தான்.

இந்தக் கணக்கில் கேபிளும் ஒரு பங்காளி என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கமான கிட்டார் கேபிளுக்கு ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட் கொள்ளளவம் உண்டு. அதே 2.4 ஹென்றி பிக்கப்பை மூன்று மீற்றர் கேபிளில் இணைத்தால் பரிவு 5,000 ஹேர்ட்சைத் தாண்டிவிடும். புதிய பிக்கப்புக்குப் பணம் செலவழிக்க முன்னர் கேபிளை மாற்றிப் பார்ப்பது சிக்கனமான பரிசோதனை. வொல்யூம், டோன் பொட்களின் (திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடைகளின்) பெறுமானம் அந்தப் பரிவின் உச்சி எவ்வளவு கூர்மையாக இருக்கும் என்பதை ஆளுகிறது. ஒற்றைச்சுருளுக்கு 250 கிலோஓம் வழக்கம். 500 போட்டால் உச்சி கூர்ந்து, சில காதுகளுக்குக் குத்தும்.

காந்தத்தில் அல்னிக்கோ, பெரைட் என இரு குடும்பங்கள் உண்டு. அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்போடு சேர்த்த கலப்புலோகமே அல்னிக்கோ. ஐந்தாம் வகை இரண்டாம் வகையைவிட வலிமையானது. மலிவான கிட்டார்களில் பெரும்பாலும் உருக்குத் தண்டுகளுக்குக் கீழே ஒரு பெரைட் சட்டம் ஒட்டப்பட்டிருக்கும். உருக்கு, தூண்டுதிறனைக் கூட்டுவதோடு, தனக்குள் சுழிப்பு மின்னோட்டங்களை உண்டாக்கி மேற்றொனிகளையும் தணிக்கிறது. ஆகவே ஒலி வேறுபாட்டுக்குக் காந்தத்தின் பெயரை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

தண்டுகளின் உயரத்தையும் படத்தில் உற்றுப் பார்க்க வேண்டும். ஐம்பதுகளின் பாணியில் தண்டுகள் ஏறியிறங்கி நிற்கும்; மூன்றாம் தந்தியும் சுற்றுக்கம்பித் தந்தியாக இருந்த காலத்துக்காக அந்தத் தண்டு உயர்த்தப்பட்டது. இன்று நாம் மாட்டும் மூன்றாம் தந்தி பெரும்பாலும் வெறும் உருக்குத் தந்தி. காந்தத்துக்கு உணர்வு கூடிய அது உயர்ந்த தண்டின் மேல் மற்றத் தந்திகளை மீறி ஒலிக்கும். பழைமைப் பற்று இல்லாதவர் சமமட்டத் தண்டுகளைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

வன்னியில் வாசிப்பவருக்கு மிக முக்கியமான கேள்வி இரைச்சல். இலங்கையில் மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றிகளையும் வயர்களையும் சூழ்ந்த காந்தப்புலம் அதே மீடிறனில் மாறிக்கொண்டிருக்கிறது. ஒற்றைச்சுருளுக்குத் தந்தியின் புலத்துக்கும் அந்தப் புலத்துக்கும் வேறுபாடு தெரியாது. கோயில் திருவிழா மேடையில் ஜெனரேற்றரும், அலங்கார விளக்குகளும், நீண்ட வயர்ச் சுருள்களும் அருகருகே இருக்கும்போது இரைச்சல் உச்சத்தை எட்டும். வாசிப்பவர் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பார்த்தால் ஒரு திசையில் அது ஏறக்குறைய மறைவதைக் கேட்கலாம். சுருளின் அச்சு அங்கே வெளிப்புலத்துக்குக் குறுக்காக அமைந்துவிடுகிறது. பிக்கப் அமரும் குழியைச் செப்புப் படலத்தால் மூடுவது மின்புலத்தால் வரும் சிணுங்கலைக் குறைக்கும்; 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்தை அந்த மெல்லிய படலம் தடுக்காது. 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் என்ற பிக்கப் இந்த இரைச்சலை இரண்டு சுருள்களால் தீர்த்தது. அதே உத்தியை மூன்று ஒற்றைச்சுருள்களிலும் ஓரளவு பெறலாம். நடுப் பிக்கப்பின் சுற்றுத்திசையும் காந்தமுனையும் மற்ற இரண்டுக்கும் எதிராக இருந்தால், நடுப் பிக்கப்போடு இன்னொன்று சேரும் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் ஒலியோ இருமுறை புரட்டப்படுவதால் ஒன்றுசேரும். மூன்றையும் தனித்தனியாகச் சேர்க்காமல் ஒரே தொகுதியாக வாங்கச் சொல்வதற்கு இதுவே முதற் காரணம். மேடைக்கு நிலத்தொடர்பு போடப்பட்டிருக்கிறதா என்பதைத் தயவுசெய்து எப்போதும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கிட்டாரின் தந்திகள் அம்ப்ளிபயரின் உலோக உடலோடு இணைந்தவை, ஆதலால் அங்கே ஏற்படும் மின்கசிவு நேரே விரல்களுக்கு வரும்.

தொகுதியாக வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தந்திகளை உடலில் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகில் தந்தியின் அசைவு சிறியது. அதை ஈடுசெய்ய அங்குள்ள பிக்கப் சற்று அதிகமாகச் சுற்றப்படுகிறது. கழுத்துப் பிக்கப் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிரிட்ஜிலிருந்து தந்தி நீளத்தின் ஏறத்தாழ காற்பங்கில் இருக்கிறது. திறந்த தந்தியின் நான்காம் இசையத்தின் (அடிச்சுரத்தின் நான்கு மடங்கு மீடிறனின்) அசையாப் புள்ளியாகிய கணு அங்கே விழுவதால், அந்த இசையத்தை அது அநேகமாக உணர்வதில்லை. அடிச்சுரம் மேலோங்கி, ஒலி உருண்டு வருகிறது. இந்த வேறுபாட்டை எந்தக் காந்தமும் உண்டாக்கவில்லை, இடமே உண்டாக்குகிறது.

பாடல்களுக்கு ரிதமும் இடையிசையும் வாசிக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், 2.3 முதல் 2.6 ஹென்றி வரையான, ஐந்தாம் வகை அல்னிக்கோத் தண்டுகள் சமமட்டத்தில் நிற்கும், நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்ட தொகுதியைச் சொல்வேன். வாங்க முன்னர் முதலாம், ஆறாம் தண்டுகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளக்க வேண்டும். 52 மில்லிமீற்றர் பிக்கப் 50 மில்லிமீற்றர் மூடிக்குள் நுழையாது. ஈயம் பற்றவைக்க முன்னர், ஒவ்வொரு பிக்கப்பையும் ஒரே ஒழுங்கில் ஊசி மல்டிமீட்டரில் இணைத்து, இரும்புத் திருப்புளியொன்றைத் தண்டுகளில் வைத்துச் சட்டென்று எடுத்தால் ஊசி ஒரு பக்கம் துள்ளும். மூன்றிலும் ஒரே பக்கம் துள்ளினால் கட்டம், அதாவது மின்னலைகளின் திசைப் பொருத்தம், சரி. ஒன்று மறுபக்கம் துள்ளினால் அதன் இரு வயர்களை மாற்றிவிட வேண்டும், இல்லையேல் இரண்டு சேரும்போது ஒலி மெலிந்து மூக்கடைத்ததுபோல் வரும். பொருத்திய பின்னர் தந்தியைக் கடைசிப் பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) அழுத்திப் பிடித்து, தண்டுக்கும் தந்திக்கும் இடையே தடித்த தந்திப் பக்கம் ஏறத்தாழ 2.4, மெல்லிய பக்கம் 2 மில்லிமீற்றர் இடைவெளி வையுங்கள். அதற்கும் நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்து, உயர்ந்த பிரெட்டுகளில் சுரம் தளும்பத் தொடங்கும். அந்தத் தளும்பல் கேட்டவுடன் திருகாணியைத் தளர்த்திப் பிக்கப்பைச் சிறிது சிறிதாக இறக்கி, சுரம் நிலைத்து நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.