ஆயில் குடிக்கும் பழைய எஞ்சின்: பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

எஞ்சின் ஆயில் குறைகிறது என்றால் அதற்கு இரண்டு வழிகள்தான் முக்கியம். ஏதோ ஓர் இணைப்பில் வெளியே கசிய வேண்டும். அல்லது சிலிண்டருக்குள் நுழைந்து பெட்ரோலோடு சேர்ந்து எரிய வேண்டும். மூன்றாவதாகக் கூலன்ட்டில் கலப்பதும் உண்டு. அது அபூர்வம், ரேடியேட்டர் தொட்டியில் பழுப்புப் பசை மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். ஓடிக் களைத்த கார் என்றாலே 'ரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்' என்று சொல்லிவிடுகிறார்கள் (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டர் சுவரோடு உரசும் வளையம்). பல நேரங்களில் அது அவசரத் தீர்ப்பு.

முதல் வேலை அளப்பது. சமதளத்தில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்க வேண்டும். மேல் கோடு வரை நிரப்பி, ஓடிய கி.மீ.யைக் குறித்து வைத்து, 1,000 கி.மீ. கழித்து அதே இடத்தில், அதே முறையில் மீண்டும் பார்க்க வேண்டும். பல கார்களில் இரு கோடுகளுக்கும் இடைவெளி சுமார் ஒரு லிட்டர். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. ஆனால் 100 மி.லி. குடித்துக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென 400 மி.லி. கேட்டால், கையேடு என்ன சொன்னாலும் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு: சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், ஆயில் இன்னும் வேகமாகத் தீரும்.

கசிவைத் தேட எஞ்சினைக் கழுவிக் காயவைத்து, 50 கி.மீ. ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஆயில் கீழே இறங்கும், காற்றில் பின்னால் போகும். அதனால் சொட்டும் இடம் கசியும் இடமல்ல. ஈரம் தெரியும் மிக உயரமான, மிக முன்புறமான இடமே மூலம். டேப்பட் கவர் கேஸ்கட், ஆயில் பிரஷர் சென்சார், ஃபில்டர் உட்காரும் இடம், கிராங்க் ஆயில் சீல்கள் ஆகியவைதான் வழக்கமான இடங்கள்.

வெளியே காய்ந்திருந்தால் அடுத்தது பிசிவி வால்வு. பலர் தொடாமலே விடும் சின்ன உறுப்பு இது. எரிந்த வாயுவில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டி எப்போதும் சம்ப்புக்குள் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கும். அதை இன்டேக் பக்கம் உறிஞ்சி எரிப்பது இதன் வேலை. திறந்தபடி சிக்கினால் ஆயில் ஆவியையும் சேர்த்து இழுக்கும். மூடியபடி அடைத்தால் சம்ப்பில் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் கசிய வைக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் வாயில் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். லேசாக உள்ளே ஒட்டினால் சரி. தள்ளிவிட்டால் அழுத்தம் தேங்குகிறது. மூடியைத் திறக்கவே முடியாதபடி இழுத்தால் உள்ளிருக்கும் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம்.

புகையும் பேசும். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது சில வினாடிகள் மட்டும் நீலமாகத் தள்ளினால் வால்வு சீலை (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) சந்தேகிக்கலாம். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு வந்து மறுபடி மிதிக்கும்போது வரும் நீல மேகமும் அதே கதைதான்: த்ராட்டில் மூடியிருக்கையில் இன்டேக்கில் வெற்றிடம் கூடி, இறுகிப்போன ரப்பரைத் தாண்டி ஆயிலை இழுக்கிறது. மேடு ஏறும்போதும் ரேஸ் செய்யும்போதும் புகை வளர்ந்தால் ரிங் பக்கம் பாருங்கள். புகையே இல்லை என்பதால் எரியவில்லை என்று நம்ப வேண்டாம். புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அதை மறைத்துவிடும். வால்வு சீலை மாற்ற ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்து வால்வை மூடிய நிலையில் நிறுத்தி, ஸ்பிரிங்கை எடுத்து மாற்றலாம்.

இனி ரிங். பெரும் குழப்பம் நடப்பது இங்கேதான். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் ஏறும் அழுத்தம், பார்ப்பார்கள். ஒரு சிலிண்டரில் குறைந்தால் அதில் 5 மி.லி. ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. நல்ல சோதனைதான். ஆனால் கம்ப்ரஷனைத் தாங்குவது மேலிரு ரிங்குகள். சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்து இறக்குவது மூன்றாவதான ஆயில் ரிங். அதன் பின்னால் பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் கரியால் அடைத்து, ரிங் காடியில் ஒட்டிக்கொண்டால், கம்ப்ரஷன் கணக்காக இருக்கும். ஆயிலோ தீர்ந்துகொண்டே இருக்கும். 2007–2009 கேம்ரியில் வந்த டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ எஞ்சின் இதற்குப் பெயர்போனது.

ஒட்டிய ரிங்கைப் பிரிக்காமலே விடுவிக்க முயலலாம். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது பிளக்குகளைக் கழற்றி, பிஸ்டன்களை நடு உயரத்தில் நிறுத்தி, கரி கரைக்கும் திரவத்தைச் சிலிண்டருக்கு 30 முதல் 50 மி.லி. ஊற்றி ஓர் இரவு ஊறவிட வேண்டும். காலையில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, பிளக் துளைகளைத் துணியால் மூடி, இக்னிஷனைத் துண்டித்தபடியே ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். இதைத் தவிர்த்துப் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால், அமுங்காத திரவம் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். கரைசல் சம்ப்பில் இறங்கியிருக்கும், அதனால் ஓட்டுவதற்கு முன் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். ஒரே முறையில் பலன் தெரியாமல் போகலாம். இரண்டு மூன்று தடவை செய்து பார்ப்பது நியாயம்.

ஆயில் தேர்வும் கொஞ்சம் உதவும். கையேடு அனுமதித்தால் 5டபிள்யூ-30க்குப் பதில், சூட்டில் சற்றுக் கெட்டியாக நிற்கும் 5டபிள்யூ-40 போடலாம். நோக் எண்ணையும் கவனியுங்கள்: 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஆவியாகிறது என்பதன் சதவீதம் அது. 13க்குக் கீழே இருப்பது நல்லது. தேய்ந்த ரிங்கை எந்த ஆயிலும் சரியாக்காது.

கடைசியில் பிரித்தே ஆக வேண்டும் என்றால், சிலிண்டரின் தேய்மானத்தை அளக்காமல் ரிங் வாங்காதீர்கள். கண்ணாடி போல வழவழத்த சுவரில் புது ரிங் படியாது. குறுக்குக் கோடுகள் தெரியும்படி சுவரை உரசி ஹோன் செய்ய வேண்டும். பிஸ்டன் துளைகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். இரண்டாவது ரிங்கில் உள்ள குறி மேலே பார்க்கிறதா என்று இரு முறை பாருங்கள். தலைகீழாக மாட்டினால், ஆயிலைக் கீழே வழிப்பதற்குப் பதில் அது மேலே வாரி இறைக்கும்.