விசாகா கமிட்டியில் புகார் கொடுப்பது எப்படி?

வேலை பார்க்கும் இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகாரை விசாரிக்கும் குழு இது. சட்டத்தில் அதன் பெயர் உள்ளகக் குழு. அலுவலகங்களில் இன்னமும் 'விசாகா கமிட்டி' என்றுதான் சொல்கிறார்கள். 1992-ல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டி 'விசாகா' என்ற அமைப்பும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், பணியிடங்களில் இப்படி ஒரு குழு வேண்டும் என்று 1997-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சட்டம் வர 2013 ஆகிவிட்டது.

பத்துப் பேராவது வேலை பார்க்கும் எந்த அலுவலகத்திலும் இந்தக் குழு இருக்க வேண்டும். தலைவர், மூத்த பெண் அலுவலர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். ஒருவர் வெளியாள், பெரும்பாலும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர். புகார் மேலதிகாரி மீது என்றால், இடமாறுதலுக்குப் பயப்படத் தேவையில்லாத உறுப்பினர் இவர்தான். பத்துப் பேர்கூட இல்லாத இடத்துக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு.

நிரந்தர ஊழியராக இருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், பயிற்சிக்கு வந்த மாணவி, ஏன், பட்டாவுக்கு அலைந்து தாலுகா அலுவலகம் வந்த பெண்ணும் புகார் தரலாம்.

கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் தரலாம். 6 பிரதிகள், கூடவே சாட்சிகள் பெயர், முகவரி, வாட்ஸ்அப் செய்தி போன்ற ஆதாரங்கள். எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும்.

விசாரணை நடக்கும்போது இடமாற்றம் கேட்டு எழுதலாம். 'என்னை மாற்றுங்கள்' என்றுதான் கேட்க வேண்டும் என்றில்லை. யார் மீது புகாரோ அவரை மாற்றச் சொல்லியும் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. 3 மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். அது வழக்கமான விடுப்புக் கணக்கில் கழியாது. சமரசம் என்பது புகார் கொடுத்தவர் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் பேசக் கூடாது.

விசாரணைக்கு 90 நாள், அறிக்கைக்கு 10 நாள், நடவடிக்கைக்கு 60 நாள். மத்திய அரசு ஊழியர் விஷயத்தில் இந்த அறிக்கையே ஒழுங்கு நடவடிக்கைக்கான விசாரணை அறிக்கை. துறை விசாரணை என்று இன்னொரு முறை எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. நிரூபிக்க முடியாமல் போனது என்பதற்காக மட்டும் அது பொய்ப் புகார் ஆகிவிடாது.

குழு அமைத்த ஆணையை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். குழுவே அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். உங்கள் அலுவலகத்தில் அந்த ஆணையைக் காணோம் என்றால், மத்திய அரசின் 'ஷீ-பாக்ஸ்' இணையதளத்தில் புகாரைப் பதியலாம்.