பழைய காரின் பெட்ரோல் லைனில் கை வைக்கும் முன்

ஃபில்டர் மாற்றுவதற்காகப் பெட்ரோல் லைனைக் கழற்றுவது சின்ன வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கழற்றுவது சின்ன வேலைதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. கழற்றும் முன் செய்ய வேண்டியவையும், திரும்ப மாட்டிய பின் பார்க்க வேண்டியவையும்தான் நேரம் பிடிக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கிளாம்பில் ஸ்க்ரூடிரைவரை வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முதலில் வண்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். பழைய கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) வண்டிகள் பெரும்பாலானவற்றில் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து ஓடும். லைனில் அழுத்தம் சுமார் 4 முதல் 6 பிஎஸ்ஐதான். கழற்றினால் வழியும், பீய்ச்சி அடிக்காது. இன்ஜெக்‌ஷன் வண்டி வேறு ரகம், அதில் இன்ஜெக்டர்கள் என்ற முனைகள் பெட்ரோலைத் தெளிக்கும். பம்ப் மின்சாரத்தில் ஓடும், லைனில் பொதுவாக 35 முதல் 60 பிஎஸ்ஐ வரை நிற்கும். 1973-இல் பாஷ் கொண்டுவந்த கே-ஜெட்ரானிக் என்ற இன்ஜெக்‌ஷன் முறை உள்ள பழைய ஐரோப்பிய கார்களில் இது இன்னும் அதிகம், 70 பிஎஸ்ஐயை ஒட்டி இருக்கும்.

இன்ஜினை அணைத்தால் இந்த அழுத்தம் போய்விடும் என்பது தப்புக் கணக்கு. பம்பில் இருக்கும் ஒருவழி வால்வு பெட்ரோலைத் திரும்ப விடாமல் லைனிலேயே பிடித்து வைக்கும். அடுத்த முறை செல்ஃப் அடித்ததும் பிடிக்க வேண்டும், சூட்டில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. காலையில் நிறுத்திய வண்டி மாலையில் முகத்தில் பீய்ச்சலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அடியில் படுத்திருந்தால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

அழுத்தத்தை இறக்கும் வழி எளிது. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கட்டும். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே அடைந்திருக்கும் காற்றை வெளியே விடுங்கள். ஃபியூயல் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ கழற்றிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச நேரம் ஓடி, தானாக நின்றுவிடும். நின்ற பிறகும் சில விநாடிகள் செல்ஃப் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து முதலிலேயே பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிறகு எப்படி ஸ்டார்ட் செய்வது என்று முழிப்பவர்கள் உண்டு. அதற்காக லைனைத் திறந்த பிறகு பேட்டரியைத் தொடலாம் என்று அர்த்தமில்லை. டெர்மினலைக் கழற்றும்போது விழும் சின்னப் பொறியே போதும்.

ஸ்டார்ட் ஆகாத வண்டியில் இந்த வழி நடக்காது. சில வண்டிகளில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயில் குழாயில் டயர் வால்வு மாதிரியே ஒரு வால்வு இருக்கும். அதைத் துணியால் மூடிக்கொண்டு அழுத்தி இறக்கலாம். அதுவும் இல்லையென்றால் இணைப்பைச் சுற்றித் தடிமனான துணியைச் சுற்றி, நட்டைக் கால் திருகல் மட்டும் தளர்த்தி, சீறல் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். எந்த முறையில் இறக்கியிருந்தாலும் துணியைச் சுற்றாமல் நான் எந்த நட்டையும் திறப்பதில்லை.

பெட்ரோலைவிட அதன் ஆவிதான் ஆபத்து. மைனஸ் 43 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடப் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும் திரவம் இது. காற்றில் 1.4 சதவீதம் ஆவி கலந்தால் போதும், பொறி பட்டதும் பிடித்துக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் ஒர்க்‌ஷாப் குழிக்குள் நின்று இந்த வேலையைச் செய்யவே கூடாது. திறந்த வெளி நல்லது. பக்கத்து அறையில் எரியும் கேஸ் அடுப்பு, சார்ஜில் போட்ட பேட்டரி, கிரைண்டர் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. குண்டு பல்ப் போட்ட கை விளக்கை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. அது கைதவறி விழுந்து கண்ணாடி உடைந்தால், உள்ளே சிவந்திருக்கும் இழை நேராக ஆவியில் படும். எல்ஈடி விளக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியில் இன்னொரு தொல்லை ஹோஸ். வெளியே பார்த்தால் கறுப்பாக, நன்றாகத்தான் இருக்கும். லேசாக வளைத்துப் பாருங்கள், மயிரிழை விரிசல்கள் வாய் பிளக்கும். பழைய ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காது. உள்பக்கம் உரிந்து, கார்பரேட்டரில் கறுப்புத் துகளாகப் போய் அடைக்கும். இறுகிப்போன முனை இரும்புக் குழாயோடு ஒட்டிக்கொண்டு அசையாது. அங்கேதான் பொறுமை இழந்து இழுப்பார்கள். இழுத்தால் பிளாஸ்டிக் ஃபில்டரின் மூக்கு ஒடியும், சில கார்பரேட்டர்களில் அழுத்திப் பொருத்திய பித்தளைக் குழாயே கையோடு வந்துவிடும். முதலில் திருகிப் பாருங்கள். அசையவில்லையென்றால் முனையை நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்து எடுங்கள், குழாயில் கீறல் விழாமல். அந்த ஹோஸ் எப்படியும் மாற்ற வேண்டியதுதானே.

நட் போட்ட இணைப்பு என்றால் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க, மற்றது திருக. ஒன்றை மட்டும் போட்டுத் திருகினால் துருப்பிடித்த குழாய் துணியைப் பிழிந்தமாதிரி முறுக்கிக்கொள்ளும்.

கழற்றியதும் வேலை நின்றுவிடாது. டேங்க் மட்டம் லைனைவிட உயரமாக இருந்தால் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். ஹோஸின் உள்வாய்க்குச் சரியான போல்ட் ஒன்றையும் கிளாம்ப் ஒன்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால் உடனே அடைக்கலாம். வழிவதைப் பிடிக்க மூடியுள்ள உலோகக் கேன் வேண்டும். தண்ணீர் பாட்டில் வேண்டாம். வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது. பெட்ரோல் கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலே போதும், ஆஸ்பத்திரிதான். கைக்கு நைட்ரைல் கையுறை, உடலுக்குப் பருத்தி. நைலான் சட்டையில் நிலைமின்சாரம் சேரும்.

தீயணைப்பான் பவுடரோ ஃபோமோ இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் மிதந்து பரவும். தீயணைப்பானை வைக்கும் இடமும் முக்கியம்: நீங்கள் ஓடிவரும் பக்கத்தில் இருக்க வேண்டும், வண்டிக்கு அந்தப் பக்கம் இருந்தால் பயனில்லை.

திரும்ப மாட்டும்போது இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30R9) என்ற தரக்குறி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார்பரேட்டருக்குப் போடும் சாதாரண ஆர்7 ஹோஸ் அந்த அழுத்தத்துக்கானது அல்ல. செம்பு வாஷர் இருந்த இடத்தில் புது வாஷர் போடுங்கள். பெட்ரோல் நனைந்த துணிகளை வெளியே கொண்டுபோய்க் காயவிட்டு, வாடை முழுக்கப் போன பிறகே பேட்டரியை மாட்டுங்கள். உடனே செல்ஃப் அடிக்க வேண்டாம். எலக்ட்ரிக் பம்ப் என்றால் சாவியை ஆன் செய்து, பம்ப் ஓடும் சத்தம் நின்றதும் ஆஃப் செய்யுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. பிறகு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்து ஈரம் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்து, ஓடும்போது ஒருமுறையும் பாருங்கள்.

டீசல் வண்டிக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே தீயைவிட அழுத்தம் பெரிய எதிரி. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் கொடுக்கும் காமன் ரெயில் முறையில் அது 2000 பாரை, அதாவது சுமார் 29,000 பிஎஸ்ஐயைத் தொடும். இன்ஜின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன் வண்டிக்கு அடியில் ஒரு பார்வை, கதவைத் திறந்ததும் ஒரு முகர்வு. வாடை வந்தால் சாவியைத் தொடாமல் பானெட்டைத் திறந்து, நேற்று மாட்டிய கிளாம்பிலிருந்து தேடத் தொடங்குங்கள்.