சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் தோணிகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவின் கொலஸ்ட்ரால் மாத்திரையை ராத்திரிதான் போட வேண்டும் என்கிறார்கள். அப்பாவுடையதை எப்போது போட்டாலும் சரியாம். ஏன்?"

அம்மாவுடையது சிம்வாஸ்டாட்டின், அப்பாவுடையது அடோர்வாஸ்டாட்டின். இரண்டும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகள். கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகம் தயாரிப்பது இரவில். முன்னது சில மணி நேரத்தில் கரைந்துபோகும், பின்னது நாள் முழுதும் தங்கும். அவ்வளவுதான்.

ஆனால் இந்த மாத்திரைகள் வேலை செய்யும் விதம் இருக்கிறதே, அது எனக்கு அலுப்பதே இல்லை. 1970களில் ஜப்பானின் அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்திலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதி ஒன்றை அது தடுக்கிறது. தயாரிப்பு குறைவதால் ரத்தத்திலும் குறைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதிக் கதை. தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் பஞ்சம் வருகிறது. உடனே செல் தன் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகளைக் கூடுதலாக நிறுத்தி, ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து இழுக்கிறது. "கெட்ட கொலஸ்ட்ரால்" என்கிறோமே, அதுதான் எல்டிஎல்.

ஏற்பியைத் தோணி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்டிஎல் துகளை ஏற்றிக்கொண்டு செல்லுக்குள் போகும். உள்ளே புளிப்பான ஒரு பையில் தோணி வடிவம் மாறி, சரக்கை விட்டுவிடும். அப்புறம் வெறுந்தோணியாக மேலே வரும். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம்தான். இப்படி நூறு தடவைக்கு மேலும் போய்வரும். பிசிஎஸ்கே9 என்ற புரதம் ஒட்டிக்கொண்டால் மட்டும் தோணி திரும்பாது, சரக்கோடு சேர்ந்து அழிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், தோணி கட்டச் சொல்லும் அதே பஞ்சம்தான் இந்தப் புரதத்தையும் கூட்டுகிறது. ஸ்டாட்டின் அளவை இரட்டித்தாலும் எல்டிஎல் மேலும் 6 சதவீதம் போலத்தான் குறைகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய ஊசி மருந்துகள் அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்குகின்றன.

எசெட்டிமைப் என்ற வேறொரு மாத்திரை, குடலில் கொலஸ்ட்ரால் உள்ளே வருவதைத் தடுக்கும். ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு மிகவும் ஏறினால் தரும் ஃபைப்ரேட் வகை மருந்து, கொழுப்பை எரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும்.

தோணியைக் கட்டும் மரபணுவே பழுதாகப் பிறப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு எல்டிஎல் ரத்தத்திலேயே தேங்கி, இளவயதிலேயே மாரடைப்பு வரலாம். நம் தென்னாப்பிரிக்காவில், ஐரோப்பியக் குடியேறிகளின் வழிவந்த ஆப்பிரிக்கானர்களிடம் இந்தப் பழுது மிக அதிகம். முன்பு வந்து குடியேறிய சிலரிடமிருந்து வழிவழியாக வந்தது. நம் இந்திய வம்சாவளியிலும் இளவயது மாரடைப்பு அதிகம். நாற்பது வயதில் ஒருவர் போய்விட்டால் "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று பேசும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கோபமும் வருத்தமும் ஒன்றாக வரும். நம் குடும்பங்களின் மரபணுவை ஆராய அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. இறந்தவரின் அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த வாரமே ரத்தப் பரிசோதனை எடுங்கள்.