‘மார்ட்கேஜீ’ யார்? பத்திரத்துக்குள் இருக்கும் பிரெஞ்சு

சென்னையில் உள்ள தன் வீட்டை அடமானம் வைத்துத் தனியாரிடம் கடன் வாங்க இருந்த ஒருவர், பத்திரத்தின் ஆங்கில வரைவைத் தமிழாக்கித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். ஒரு ஷரத்தின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

“தவணை கட்ட முடியாம போனா, மார்ட்கேஜீ கோர்ட்டுக்குப் போகாமலேயே வீட்டை வித்துக்கலாம்னு போட்டிருக்கு சார். அப்படி ஒரு நிலைமை வந்தா நானே நல்ல விலைக்கு வித்து அடைச்சிருவேன்.”

மார்ட்கேஜீ அவர் இல்லை. கடன் கொடுப்பவர். வீட்டை விற்கும் உரிமையைத் தான் எதிராளிக்கு எழுதிக் கொடுக்கிறோம் என்பது தெரியாமலே, அதைத் தனக்கான பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆவண மொழிபெயர்ப்பில் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பம் இது. படித்தவர்களுக்கும் வருகிறது. ஆங்கிலம் தெரியாததால் வருவதல்ல; அந்தச் சொல் ஆங்கிலமே அல்ல என்பதால் வருவது.

1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதன்பின் அரசவையும் பிரபுக்களும் பிரெஞ்சு பேசினார்கள். நாளடைவில் வழக்காடும் மொழியும் பிரெஞ்சு ஆயிற்று. அடுத்த சில நூற்றாண்டுகளில் ஆங்கிலத்துக்குள் வந்த பிரெஞ்சுச் சொற்கள் சுமார் 10,000 என்று மொழியியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். நீதிமன்றத்தில் அந்தத் தடம் இன்னும் ஆழம். திருடனைக் குறிக்கும் ‘தீஃப்’ பழைய ஆங்கிலச் சொல். அவனைப் பிடிக்கும் ‘அரெஸ்ட்’, வெளியே விடும் ‘பெயில்’, விசாரிக்கும் ‘ஜட்ஜ்’, ‘கோர்ட்’, கடைசியில் ‘ஃபைன்’, ‘ப்ரிசன்’ எல்லாம் பிரெஞ்சு வழி வந்தவை.

வழக்காடியவனுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. 1362-இல் மூன்றாம் எட்வர்டு காலத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தமக்கு ஆதரவாகவோ எதிராகவோ என்ன பேசப்படுகிறது என்று மக்களுக்கு விளங்கவில்லை, இனி ஆங்கிலத்திலேயே வாதாட வேண்டும் என்றது அது. அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள். பேச்சு மெல்ல மாறியது. எழுத்தில் பிரெஞ்சுச் சொற்கள் அப்படியே தங்கிவிட்டன. பிரிட்டிஷ் ஆட்சியோடு அவை நம் பத்திரங்களுக்குள்ளும் வந்தன. 1882-ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் மார்ட்கேஜர், மார்ட்கேஜீ இருவரையும் வரையறுக்கிறது.

இனி மார்ட்கேஜீயின் கடைசியில் நிற்கும் அந்த ‘ஈ’. பிரெஞ்சில் ஒரு செயல் யார் மீது, யாருக்காக நடந்ததோ அவரைக் குறிக்க வினையின் முடிவில் வரும் ஒலி, ஆங்கிலத்தில் ‘ஈ’ ஆயிற்று. செய்கிறவருக்கு ‘அர்’. வீட்டை ஈடாகக் கொடுக்கும் செயலைச் செய்பவர் மார்ட்கேஜர். யாருக்கு அது கொடுக்கப்படுகிறதோ அவர் மார்ட்கேஜீ. நம் மனதில் மார்ட்கேஜ் என்றால் கடன், ஆகவே மார்ட்கேஜர் கடன் கொடுப்பவர் என்று பதிந்திருக்கிறது. சிக்கல் அங்கேதான். இந்தச் சொல்லில் கைமாறுவது பணமல்ல, ஈடு. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவையும் தெளியும். லெஸ்ஸர் குத்தகைக்கு விடுபவர், லெஸ்ஸீ எடுப்பவர். காசோலையில் பேயீ பணம் பெறுபவர், ட்ராயீ பணம் கொடுக்கச் சொல்லப்படும் வங்கி.

‘பவர் பத்திரம்’ என்கிறோமே, அதன் முழுப்பெயரான ‘பவர் ஆஃப் அட்டர்னி’யில் உள்ள அட்டர்னியின் கடைசி ஒலியும் இதே பிரெஞ்சு முடிவுதான்: நியமிக்கப்பட்டவர். சட்டத்துக்கு வெளியே இதை அப்படியே நம்ப வேண்டாம். ரெஃப்யூஜியிலும் அதே முடிவுதான், ஆனால் அவர் தஞ்சம் தேடி வந்தவர், செயலைச் செய்பவரே. 1685-க்குப் பின் பிரான்ஸை விட்டு இங்கிலாந்துக்கு ஓடிவந்த புராட்டஸ்டன்ட் மக்களோடு அந்தச் சொல் வந்தது.

மார்ட்கேஜ் என்பதன் நேர்ப்பொருள் ‘செத்த ஈடு’. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நிலம் அவரைப் பொறுத்தவரை செத்தது. கட்டிவிட்டால் கடன் கொடுத்தவருக்கு அந்த ஈடு செத்தது. 17-ஆம் நூற்றாண்டின் நீதிபதி எட்வர்டு கோக் தரும் விளக்கம் இது. இதைவிடத் தெளிவாக என்னால் யாருக்கும் சொல்ல முடிந்ததில்லை.

மொழிபெயர்ப்புக்கு வரும் இளையவர்களுக்கு இன்னொன்று. ‘குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்’ என்று வந்தால் இரண்டு தனிப் பொருள் தேடித் தவிக்காதீர்கள். முதல் சொல் ஆங்கிலம், அடுத்தது பிரெஞ்சு. சேர்ந்து நிற்கும்போது அசையும் சொத்துக்கள் என்பதே போதும். நம் பத்திரங்களும் இப்படித்தான். வாரிசு, ஜப்தி, வக்கீல், அமீனா என்று அரபியும் பாரசீகமும் ஆட்சி வழியாக வந்து தங்கிவிட்டனவே.

பென்சில் கோடு போட்டவர் அன்று கையெழுத்துப் போடவில்லை. விற்பதற்குமுன் எழுத்து மூலம் அறிவிப்பும் போதிய அவகாசமும் தர வேண்டும் என்று வழக்கறிஞர் மூலம் அந்த ஷரத்தை மாற்றி எழுதச் செய்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தார். என் தமிழ்ப் படியில் மார்ட்கேஜர், மார்ட்கேஜீ என்ற சொற்களே இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ‘அடமானம் எழுதிக் கொடுப்பவர்’, ‘அடமானம் எழுதி வாங்குபவர்’ என்றே போட்டேன். எழுதிக் கொடுப்பவர் என்ற இடங்களில் அவர் தன் பெயரைச் சேர்த்துச் சேர்த்து வாசித்தார்.