இங்கிலீஷ் படிப்பிக்க எந்தப் பாட்டு சரிவரும்? கைதட்டிப் பாருங்கோ

கொழும்பில வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் வைக்கிற ஆக்கள் கனபேர் இப்ப பாட்டும் போட்டுப் படிப்பிக்கினம், நல்ல விஷயம்தான், ஆனா எப்பிடித் தெரிவு செய்றீங்கள் எண்டு கேட்டா பிள்ளையளுக்குப் பிடிச்சது, யூடியூப்ல ஓடுறது எண்டுதான் மறுமொழி வரும். பிடிக்கத்தான் வேணும். அதுக்கு முதல் பாக்க வேண்டியது தாளம்.

தமிழில கதைக்கேக்க குறில் நெடில் வித்தியாசத்தைத் தவிர ஒவ்வொரு அசைக்கும் (சிலபிள்) ஏறக்குறைய அதின்ர பங்கு கிடைச்சிடும். இங்கிலீஷில ஒரு அசை அழுத்தமா நிக்க மற்றதெல்லாம் கரைஞ்சு போகும். 'பனானா'வில நடு எழுத்து மட்டும்தான் முழுசாக் கேக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கிறது அ-வா எ-யா எண்டு பிடிபடாத ஒரு மங்கல் சத்தம், மொழியியல்காரர் அதை ஷ்வா எண்டுவினம். "டோக்ஸ் சேஸ் கேட்ஸ்" எண்டு மூண்டு தரம் கைதட்டிச் சொல்லுங்கோ. இப்ப "த டோக்ஸ் ஆர் சேஸிங் த கேட்ஸ்", அதே மூண்டு தட்டுக்குள்ள அடங்குதெல்லோ? (மெஷின் வச்சு அளந்தா இடைவெளி அப்பிடிக் கச்சிதமா வராது, காதுக்குத்தான் அப்பிடி.) இந்தக் கரையிற சத்தங்களைத்தான் எங்கட பிள்ளையள் தவறவிட்டுட்டு "அவங்கள் முழுங்கிக் கதைக்கிறாங்கள்" எண்டு முறைப்பாடு வைக்கிறது.

பாட்டில மெட்டே அழுத்தத்தைக் காட்டிக் குடுக்கும், அதோட திரும்பத் திரும்பச் சொல்ல ஒருத்தருக்கும் அலுக்காது. 2013இல வெளிவந்த எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வொண்டில 60 பெரியாக்களுக்கு 15 நிமிஷம் ஹங்கேரியன் வசனங்கள் படிப்பிச்சவை, ஒரு பகுதி சும்மா சொல்லி, ஒரு பகுதி தாளத்தோட சொல்லி, மற்றது பாடி. ஹங்கேரியனில திருப்பிச் சொல்றதில பாடின ஆக்கள்தான் முந்தினவை.

அதுக்காக எந்தப் பாட்டும் சரி எண்டில்ல. வரியை மெட்டில்லாமச் சாதாரணமா வாசிச்சு, அழுத்தம் விழுற இடத்தில தட்டுங்கோ, பிறகு பாட்டைப் போட்டுத் தட்டுங்கோ. ரெண்டும் ஒரே இடத்தில விழுந்தா எடுக்கலாம். 'த', 'ஒஃப்' மாதிரிக் குட்டிச் சொல்லில மெட்டு ஏறிக் குந்தியிருந்தா விடுங்கோ, பிள்ளை அதைத்தான் பிடிச்சுக்கொண்டு வரும். மெதுவான பாட்டு லேசு எண்டு எல்லாரும் நினைக்கிறவை, எனக்கு அதில முழு நம்பிக்கை இல்ல. சொல்லுகள் தெளிவாக் கேக்கும் உண்மைதான், ஆனா கூட இழுத்தா அந்த மங்கல் சத்தம் நீண்டு முழு உயிரெழுத்தாயிடும், பஸ்ஸில ஒராள் இங்கிலீஷில கதைக்கேக்க அப்பிடியொரு சத்தமே இருக்காது. நடுத்தர வேகம், அடிக்கடி வாற பல்லவி, தெரியாத சொல் வரிக்கு ஒண்டுக்கு மேல இல்லாமல், இது போதும். "ஷி டோண்ட்" மாதிரி இலக்கணப் பிழை வந்தா ஓ-லெவல் பேப்பரில எழுதாதேங்கோ எண்டு ஒருக்காச் சொல்லிவிட்டாக் காணும்.

பாட்டு வரியில இடைவெளி நிரப்புற ஷீட் அடிக்கிற ரீச்சர்மாருக்கு ஒண்டு: வரிக் கடைசியில எதுகை மாதிரி ஒலிக்கிற சொல்லை வெட்டினா பிள்ளையள் கேக்காமலே ஊகிச்சு நிரப்பிடுவினம். புதுசா வாறவைக்கு அது தெம்பு குடுக்கும். கொஞ்சம் தேறினவைக்கு வரிக்கு நடுவில, அந்தக் கரைஞ்சு போற சின்னச் சொல்லுகளைத்தான் வெட்டோணும்.