பீட்டா பிரவுசர்: போட்டுப் பாருங்கள், ஆனால் தனியாகப் போடுங்கள்

மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லூரி லீவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளின் லேப்டாப்பில் இப்போது பீட்டா பிரவுசரை அடிக்கடி பார்க்கிறேன். நல்ல விஷயம்தான். புதிதாக என்ன வருகிறது என்று பார்க்கிற ஆர்வத்தை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் அதே லேப்டாப்பில்தான் அப்பாவின் பேங்க் வேலை, அக்காவின் தேர்வு விண்ணப்பம், வீட்டுப் பட்டா பார்ப்பது எல்லாம் நடக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பீட்டா என்பது முழுசாக முடிந்த பொருள் இல்லை. கம்பெனிக்குள் சோதித்து முடித்து, எல்லாருக்கும் கொடுப்பதற்கு முன்னால், விருப்பமுள்ளவர்களிடம் கொடுத்துப் பார்க்கிற கட்டம். குரோமில் முதலில் கேனரி, அடுத்து டெவ், அப்புறம் பீட்டா, கடைசியில் எல்லாரும் பயன்படுத்தும் ஸ்டேபிள் என்று படிப்படியாக வரும். ஃபயர்பாக்ஸில் கேனரி இடத்தில் நைட்லி இருக்கிறது. குரோமே 2008 செப்டம்பரில் பீட்டாவாகத்தான் வெளியானது. அந்த டிசம்பரில்தான் பீட்டா என்ற பெயரை எடுத்தார்கள். கேனரியும் நைட்லியும் கிட்டத்தட்ட தினமும் மாறும், எப்போது வேண்டுமானாலும் உடையலாம். அவற்றோடு ஒப்பிட்டால் பீட்டா எவ்வளவோ நிதானமானது. பெரும்பாலான நாட்களில் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் அது பீட்டா என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

பேங்க் வேலைக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு ஒரு பழைய விஷயத்தைச் சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80-இல் குக்கி பற்றிய விதியை மாற்றினார்கள். குக்கி என்பது, வந்திருப்பது யார் என்று நினைவில் வைக்க ஒரு தளம் நம் பிரவுசரில் வைக்கும் சின்னக் குறிப்பு. சாதாரண லிங்கைத் தட்டிப் போவதைத் தவிர, ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குத் தகவல் போகும்போது, வெளிப்படையாக அனுமதி குறிக்காத குக்கிகள் இனி கூடவே போகாது என்பதுதான் மாற்றம். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் ஆன்லைனில் பணம் கட்டும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடையின் தளத்திலிருந்து பேங்க் தளத்துக்குப் போகிறோம், பணம் கட்டுகிறோம், திரும்பக் கடையின் தளத்துக்கே வருகிறோம். தளத்தை நடத்துகிறவர்கள் புது விதிக்கு ஏற்ப மாற்றி வைக்காவிட்டால், திரும்பி வந்தவர் யார் என்றே கடைத் தளத்துக்குத் தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. பணம் போயிருக்கும், ஆர்டர் பதிவாகியிருக்காது. இந்த மாற்றத்தை 2019 கடைசியிலேயே பீட்டாவில் சோதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாருக்கும் படிப்படியாகக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கொரோனா வந்தது. முக்கியமான தளங்கள் எதுவும் தடைபடக் கூடாது என்று ஏப்ரலில் நிறுத்தி வைத்து, ஜூலையில் மறுபடி தொடங்கினார்கள். பீட்டாவில் இருக்கிறவர் இப்படிப்பட்ட மாற்றங்களை மற்றவர்களுக்கு முன்னால் சந்திக்கிறார். சோதிப்பவருக்கு அது சரி. கடைசி நாளில் ஃபீஸ் கட்ட உட்கார்ந்திருப்பவருக்குச் சரியில்லை.

கடையில் நான் அதிகம் பார்ப்பது வேறொரு பிரச்சினை. நாகர்கோவிலில் படிக்கிற ஒரு பையன் முகம் வாடிப்போய் வந்தான். "அண்ணே, புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் போச்சு" என்றான். நடந்தது இதுதான். ஏற்கெனவே இருந்த ஃபயர்பாக்ஸ் மேலேயே பீட்டாவைப் போட்டிருக்கிறான். கொஞ்ச நாள் கழித்து ஒரு ஆட்-ஆன் (பிரவுசரோடு சேர்க்கும் சின்னக் கருவி) சரியாக வேலை செய்யவில்லை என்று பீட்டாவை எடுத்துவிட்டுப் பழையதைத் திரும்பப் போட்டான். திறந்ததும், இந்த புரொஃபைலைப் பழைய வெர்ஷனில் பயன்படுத்தினால் தகவல்கள் கெட்டுவிடலாம், புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கு என்று ஃபயர்பாக்ஸ் சொல்லியிருக்கிறது. அவனும் உருவாக்கிவிட்டான். உள்ளே ஒன்றுமே இல்லை.

உண்மையில் எதுவும் போகவில்லை. புக்மார்க், பாஸ்வேர்டு, ஹிஸ்டரி எல்லாம் புரொஃபைல் என்ற ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. புது வெர்ஷன் அந்த ஃபோல்டரில் உள்ள தகவல்களைத் தன் வசதிக்கு மாற்றி எழுதிக்கொள்ளும். அப்படி மாற்றியதைப் பழைய வெர்ஷனால் சரியாகப் படிக்க முடியாமல் போகலாம். அதற்காகத்தான் 2019-இல் ஃபயர்பாக்ஸ் 67 வந்தபோது இந்தத் தடுப்பையும் சேர்த்தார்கள். பீட்டாவை மறுபடி போட்டு, பழைய புரொஃபைலைத் திறந்து, புக்மார்க்கை ஒரு ஃபைலாகவும் பாஸ்வேர்டுகளை இன்னொரு ஃபைலாகவும் வெளியே எடுத்து, ஸ்டேபிளில் ஏற்றிக் கொடுத்தேன். பாஸ்வேர்டு ஃபைல் பூட்டு எதுவும் இல்லாத வெறும் எழுத்து. யார் திறந்தாலும் படிக்கலாம். ஏற்றி முடித்த கையோடு அதை அழித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

இந்தச் சிக்கலே வராமல் இருக்க, பீட்டாவுக்கு என்று தனி இடம் கொடுங்கள். விண்டோஸில் குரோம் பீட்டா தனி ஐகானோடு, தனி ஃபோல்டரில், ஸ்டேபிளைத் தொடாமல் உட்காரும். ஃபயர்பாக்ஸ் என்றால் டெவலப்பர் எடிஷனைப் பரிந்துரைக்கிறேன். அது பீட்டாவையே அடிப்படையாகக் கொண்டது, தனி புரொஃபைலில் ஓடும். ஆண்ட்ராய்டு மொபைலில் குரோம் பீட்டா, ஃபயர்பாக்ஸ் பீட்டா இரண்டுமே பிளே ஸ்டோரில் தனி ஆப்பாகக் கிடைக்கின்றன. தனி இடம் கொடுத்தும், உங்கள் முக்கியமான கூகுள் கணக்கை அதில் போட்டு சிங்க் செய்தால் எல்லாம் மறுபடி ஒன்றாகிவிடும். கணக்கு இல்லாமலே பாருங்கள், அல்லது அதற்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசர் திடீரென்று மூடிக்கொண்டால் அனுப்பும் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தின் முகவரியும் சேரலாம். அனுப்புவதற்கு முன், முகவரியைச் சேர்க்கச் சொல்லும் டிக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பீட்டாவை அந்தந்தக் கம்பெனியின் தளத்திலிருந்தோ பிளே ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள். "உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யுங்கள்" என்று ஏதோ ஒரு பக்கத்தின் நடுவில் பெட்டி வந்தால் மூடிவிடுங்கள். அப்டேட் பிரவுசரின் மெனுவுக்குள்ளேதான் வரும். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை (போனில் நேரடியாக ஆப் போடும் ஃபைல்) தொடவே வேண்டாம்.

சரி, போட்டாயிற்று. என்ன பார்ப்பது? தமிழைப் பாருங்கள். வேகம், மெமரி எல்லாம் உலகம் முழுக்க ஆயிரம் பேர் அளந்துகொண்டிருக்கிறார்கள். தமிழில் ஒரு கொம்பு இடம் மாறி நின்றால் அது தவறு என்று கண்ணில் படுவது நமக்குத்தான். பீட்டா கட்டத்தில் நாம் சொல்லாவிட்டால் அது அப்படியே ஸ்டேபிளுக்கு வந்துவிடும், அப்புறம் அம்மாவின் போனில் போய் நிற்கும்.

'கொல்லங்கோடு' என்று அட்ரஸ் பாரில் டைப் செய்யுங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தங்கள் இடத்தில் நிற்கின்றனவா? இடையில் புள்ளி வட்டம் ஏதும் தெரிகிறதா? அம்புக்குறியால் நகர்த்தினால் கர்சர் 'கோ'வின் நடுவில் போய் மாட்டிக்கொள்கிறதா? டேபின் தலைப்பிலும் புக்மார்க்கின் பெயரிலும் அதே சொல் சரியாகத் தெரிகிறதா? பக்கத்துக்குள் தேடும்போது கிடைக்கிறதா? கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் என்ற பொது எண் உண்டு. 'கொ' என்பதன் குறியை ஒரே யூனிகோட் எண்ணாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் பதியலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றைத் தேடினால் மற்றதும் கிடைக்க வேண்டும். பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து ஒரு வரியை நகல் எடுத்து ஒட்டியும் பாருங்கள், எழுத்து சிதைவது பெரும்பாலும் அங்கேதான்.

நம் பக்கத்தில் மலையாளமும் படிக்கிறவர்கள் அதிகம். அவர்கள் சில்லு எழுத்துகளை (உயிரொலி சேராமல் தனித்து நிற்கும் மலையாள மெய்யெழுத்துகள்) கவனிக்கலாம். 2008-இல் யூனிகோட் 5.1 வந்த பிறகுதான் சில்லுகளுக்குத் தனி எண்கள் கிடைத்தன. அதற்கு முன் எழுதியவை வேறு விதத்தில் பதிவாகியிருக்கும். இரண்டு விதமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும்.

தவறு கண்டால் அதே பக்கத்தை ஸ்டேபிளிலும் திறந்து பாருங்கள். அங்கேயும் அப்படியே இருந்தால் தளத்தின் கோளாறாகவோ எழுத்துருவின் கோளாறாகவோ இருக்கலாம். பீட்டாவில் மட்டும் இருந்தால் எழுதி அனுப்புங்கள். குரோமில் உதவி மெனுவிலேயே வழி இருக்கிறது, ஃபயர்பாக்ஸுக்கு பக்ஸில்லா என்ற தவறு பதிவு செய்யும் தளம். 'தமிழ் சரியாகத் தெரியவில்லை' என்று மட்டும் எழுதினால் அந்தப் பக்கம் இருக்கிற இன்ஜினியருக்குத் தமிழ் தெரியாது, அவரால் எதுவும் செய்ய முடியாது. பிரவுசரின் முழு வெர்ஷன் எண், விண்டோஸா ஆண்ட்ராய்டா, எந்த எழுத்துரு, என்ன டைப் செய்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். பீட்டாவின் படத்தையும் ஸ்டேபிளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தவறான எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். படத்தில் உங்கள் மெயில் முகவரியோ மற்ற டேப்களோ தெரிந்தால் வெட்டிவிடுங்கள். ஆங்கிலம் உடைந்த ஆங்கிலமாக இருந்தாலும் போதும். வேறு யாராவது அதே தவறை ஏற்கெனவே சொல்லியிருந்தால், புதிதாக ஒன்று தொடங்காமல் அதிலேயே உங்கள் வெர்ஷனையும் படத்தையும் சேர்த்துவிடுங்கள்.